நிற்கும்போது நாற்பத்தொன்று

சக்கரம் தொட்டுவிட்டது.
அதனால் நான் இறங்கிவிட்டதாக
யாரும் நினைக்க வேண்டாம்.

லா போர்ஃபியாதா பண்ணையின் ஓடுபாதை என்பது
காய்ந்த புல், ஆட்டுப் புழுக்கை, ஒரு கிழிந்த காற்றுப்பை.
ஆண்டிஸ் மலையின் பல்லிடுக்கு வழியாகப் புறப்பட்ட காற்று
இங்கே வரும்வரை ஒரு மரத்தையும் சந்திக்கவில்லை.
காலஃபாத்தே முட்புதர்கள் மட்டும்
எண்ணெய் வைத்து வாரிய தலைபோல்
கிழக்கே படிந்து கிடக்கின்றன.

பிரேக்கை மிதித்து நிற்கிறேன்.
வேகமானியின் முள் நாற்பத்தொன்று காட்டுகிறது.
நிற்கும்போது நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டில் எழும்பிவிடும் வண்டி இது.

வால் கீழே இருந்தால் இறக்கை அண்ணாந்து பார்க்கும்.
அண்ணாந்த இறக்கைக்கு அடங்காத பசி.
அதனால் எஞ்சினைக் கொஞ்சம் உறும விட்டு
ஸ்டிக்கை முன்னே தள்ளி
வாலை அந்தரத்தில் பிடித்து வைத்திருக்கிறேன்.
ஒரு விரற்கடை கூடினால் மூக்கு மண்ணைக் கவ்வும்.
ஒரு விரற்கடை குறைந்தால்
பின் இருக்கையில் கட்டிவைத்த
ஆட்டுத் தடுப்பூசிப் பெட்டியோடு
மறுபடி ஆகாயம்.

கொட்டகை இடப்பக்கம், எண்பதடி.
திரும்பினால் போய்விடலாம்.
திரும்பினால் போய்விடும்.
போன செப்டம்பரில் ஓசோரியோ திரும்பினான்.
பெல்ட்டில் தலைகீழாய்த் தொங்கியவனுக்கு
ரேடியோ வானிலை வாசித்துக்கொண்டிருந்ததாம்,
மேற்குக் காற்று, அவ்வப்போது பலமாக என்று.

அவ்வப்போது என்ற அந்தச் சொல்தான் கொலைகாரன்.
ஒரே சீராய் அடிக்கிற காற்றோடு
எப்படியாவது ஒத்துப்போகலாம்.
இது மூச்சை இழுத்துக்கொள்கிறது,
நீ கையைத் தளர்த்துகிறாயா என்று பார்க்கிறது.

எவாரிஸ்தோ குனிந்தபடி ஓடிவந்து
வலது இறக்கையின் தாங்குகம்பியைப் பிடித்தார்.
இடதில் நாவுயேல், கம்பளி கத்தரிக்க வந்த ஒல்லிப் பையன்.
அடுத்த வீச்சில் அவன் செருப்பு தரையில் இருந்தது,
கால் அதற்கு ஒரு சாண் மேலே.
சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

சமையலறைக் கதவு பிய்ந்துகொள்வதுபோல் திறந்து
இஸ்மெல்தா வந்தாள், முழங்கைவரை மாவு.
பையனின் இடுப்பைச் சேர்த்துக் கம்பியைக் கட்டிக்கொண்டாள்.
இடது இறக்கை உட்கார்ந்தது.
தொண்ணூறு கிலோ, என்று கத்தினாள் ஜன்னலைப் பார்த்து,
இத்தனை நாள் கேலி பேசினீர்களே!

இருபத்தைந்து நிமிடம் அப்படியே.
பெட்ரோல் அளவுமானி மட்டும் நகர்ந்தது.
இடது தொடை தானாக நடுங்க ஆரம்பித்தது,
யாருடையதோ போல அதைப் பார்த்தேன்.

பிறகு கம்பளி லாரி முன்னால் வந்து குறுக்கே நின்றது,
பாதிக் காற்றைத் தன் விலாவில் வாங்கிக்கொண்டு.
எஞ்சினை நிறுத்தினேன். வால் மெல்ல இறங்கியது.
விசிறி நின்றபின்தான் கேட்டது,
கம்பிகள் எல்லாம் எவ்வளவு நேரமாய்
அழுதுகொண்டிருந்தன என்று.

லாரிக்காரர் மண்வெட்டி எடுத்தார்.
ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு குழி, முழங்கால் ஆழம்.
புதைக்கிறீர்களா என்றேன்.
பாதிதான் என்றார் எவாரிஸ்தோ.

தள்ளினார்கள். சக்கரங்கள் குழியில் அமர்ந்தன.
மூக்கு தாழ்ந்தது, இறக்கையும் தலை குனிந்தது.
அவ்வளவுதான்.
லாரியைத் தாண்டிவந்த காற்று
அதே வெறியில்தான் மோதியது,
இறக்கை அதைச் சாப்பிட மறுத்துவிட்டது.
இரும்பு முளைகள், மூன்று கயிறு,
ஸ்டிக்கை பெல்ட்டால் சுற்றிக் கட்டினேன்.

இரவு ஆட்டிறைச்சிக் குழம்பு.
கரண்டியை முன்னே தள்ளியே பிடித்திருந்தேன் போல,
நாவுயேல் எல்லோருக்கும் சுட்டிக்காட்டினான்.
பறப்புக் குறிப்பேட்டில் ஒரு மணி ஏழு நிமிடம் என்று எழுதினேன்.
மிச்ச இருபத்தைந்து நிமிடத்துக்கு
அதில் கட்டம் இல்லை.

இரண்டு மணிக்குக் கயிறு பார்க்க வெளியே போனேன்.
எனக்கு முன்பே இஸ்மெல்தா அங்கே நின்றிருந்தாள்,
போர்வையோடு, கம்பியில் ஒரு கை.
தூக்கம் வரவில்லை, என்றாள் எரிச்சலாக,
உன் வண்டி முனகுகிறது.
மறு கம்பியை நான் பிடித்துக்கொண்டேன்.